சாகாமல் சொல்லுமா செல்?

2016 ஏப்ரல் கடைசி வாரத்தில் உலகப் பத்திரிகைகளில் ஒரு செய்தி ஓடியது. விந்தணு கருமுட்டையைத் தொடும் கணத்தில் ஒளி பாய்கிறது, மனித உயிர் வெளிச்சத்தில்தான் தொடங்குகிறது என்று தலைப்புப் போட்டார்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வெடித்துப் பரவும் ஒளி வளையம். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்ததில் வியப்பில்லை. ஆன்மிக விளக்கங்களோடு அது இணையமெங்கும் சுற்றி வந்தது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தெரசா உட்ரஃப், தாமஸ் ஓஹாலரன் குழுவினர் செய்த ஆய்வு அது. ஆய்வு உண்மை. செய்தியில்தான் இரண்டு பிழைகள். அந்தச் சோதனையில் விந்தணுவே இல்லை. விந்தணு முட்டைக்குள் நிகழ்த்தும் மாற்றத்தைச் செயற்கையாகத் தூண்டிப் பார்த்தார்கள். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. ஒளி முட்டையிலிருந்து வரவில்லை. முட்டை வெளியே கொட்டியது துத்தநாகத்தை. துத்தநாக அயனிக்கு நிறமும் கிடையாது, ஒளியும் கிடையாது. முட்டை கிடந்த திரவத்தில் ஆய்வாளர்கள் முன்கூட்டியே கலந்து வைத்திருந்த ஒரு செயற்கை மூலக்கூறு, வெளியே வந்த துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஒளிர்ந்தது.

அந்த மூலக்கூறைப் பற்றி எந்தத் தலைப்பும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். உயிருள்ள செல்லைக் கிழிக்காமல், நசுக்காமல், கொல்லாமல் அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்டறிய மனிதர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக வழி தேடினார்கள். கடைசியில் கைகொடுத்தவை இந்த ஒளிர் உணரிகள். இதயத் துடிப்பு, நினைவு, கருத்தரிப்பு, புற்றுநோய் என இன்றைய பாடநூல்கள் சொல்லும் பல விஷயங்களுக்குப் பின்னால் இவை காட்டிய படங்கள் இருக்கின்றன.

ஒளிர்வு நமக்குப் புதிதல்ல. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பச்சையாக மின்னும். வங்கிக் காசாளர் நோட்டை நீல விளக்கில் காட்டும்போது வரிசை எண் பளிச்சிடுவதும் இதனால்தான். கண் மருத்துவமனையில் கருவிழிப் புண்ணைப் பார்க்க ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றைக் கண்ணில் தொட்டு எடுப்பார்கள். அதில் இருப்பது ஃபுளுரசீன் சாயம், ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் 1871-இல் தயாரித்தது. இப்படிப்பட்ட மூலக்கூறு அதிக ஆற்றலுள்ள ஒளியை விழுங்கி, அதில் கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மீதியைக் குறைந்த ஆற்றலுள்ள வேறு நிறமாக உமிழ்கிறது. சில நானோ வினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும். 1852-இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார்.

சாயம் எப்போதும் ஒளிரும். அதனால் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும். உணரி இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். தான் தேடும் அயனி கைக்கு வந்தால் ஒரு மாதிரி, வராவிட்டால் வேறு மாதிரி அது நடந்துகொள்ள வேண்டும்.

60 கோடிக்கு நடுவே 60,000

கால்சியத்தின் கதையைப் பார்த்தால் இதிலுள்ள சிரமம் புரியும்.

லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைகளில் இன்று ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் இருப்பது அவருடைய பெயர்தான். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் தயாரித்தபோது இதயம் நின்றது. லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரித்தபோது துடித்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே வித்தியாசத்துக்குக் காரணம் என்று 1883-இல் அவர் எழுதினார். இதயத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் துடிக்கிற தசைக்குள் அந்தக் கால்சியம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்க வழியில்லை. செல்லை அரைத்து மொத்தக் கால்சியத்தை அளக்கலாம். அரைத்த செல் துடிக்காது.

செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசு நீரிலும், கால்சியம் தாராளம். உள்ளேயோ செல் அதைப் பிடிவாதமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பாஸ்பேட்டோடு சேர்ந்து அது கல்லாகப் படிந்துவிட்டால் செல்லின் கதை முடிந்தது. அதனால் ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் தனித்துத் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு கொள்ளளவுள்ள ஒரு செல்லை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சுமார் 60,000 கால்சியம் அயனிகள் வரும். அதே இடத்தில், அதே இரட்டை நேர்மின்சுமையோடு மக்னீசியம் அயனிகள் சுமார் 60 கோடி இருக்கும். செல்லுக்கு ஒரு சேதி வரும்போது கால்சியம் பத்து மடங்கு உயர்ந்து, சில நொடிகளில் அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆக உணரி செய்ய வேண்டிய வேலை இதுதான்: 60 கோடி மக்னீசியத்தையும் தொடாமல் விட்டுவிட்டு 60,000 கால்சியத்தை மட்டும் இனம்காண வேண்டும், அது ஏறி இறங்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பிடிக்கவும் விடவும் வேண்டும், செல்லையும் தொந்தரவு செய்யக் கூடாது.

முதல் விடை கடலிலிருந்து வந்தது. நாகசாகிக்கு அருகில் வசித்தபோது 16 வயதில் அணுகுண்டின் வெளிச்சத்தில் கண் கூசிப்போன ஒசாமு ஷிமோமுரா, 1961 கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஃபிரைடே ஹார்பரில் ஜெல்லி மீன்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுமார் 10,000 மீன்கள். அவற்றின் விளிம்பு ஏன் ஒளிர்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. பலனில்லாத ஒரு சாற்றைத் தொட்டியில் கொட்டியபோது அது பளீரென்று நீலமாக மின்னியது. தொட்டியில் கடல் நீர் வழிந்துகொண்டிருந்தது. கடல் நீரில் கால்சியம் உண்டு. கால்சியம் பட்டால் ஒளிவிடும் அந்தப் புரதத்துக்கு ஈகுவோரின் என்று பெயரிட்டு, பிராங்க் ஜான்சனுடன் சேர்ந்து 1962-இல் வெளியிட்டார். கூடவே கிடைத்த, பச்சையாக ஒளிரும் வேறொரு புரதத்தையும் அதில் குறிப்பிட்டார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈகுவோரினை வைத்து 1967-இல் ரிட்ஜ்வேயும் ஆஷ்லியும் கொட்டலசு என்ற கடல் உயிரியின் தசையில் கால்சியம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானிய மெடாகா மீனின் முட்டையில் கருவுறும் புள்ளியிலிருந்து கால்சியம் அலையாகப் புறப்பட்டு மறுமுனை வரை போவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அற்புதமான படங்கள். ஆனால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஊசியால் புரதத்தைச் செலுத்த வேண்டும். கொட்டலசின் தசைநாரும் மீன் முட்டையும் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை, ஊசியைத் தாங்கும். நம் ரத்தத்தின் வெள்ளணு தாங்குமா?

ரோஜர் சியெனின் இரண்டு தந்திரங்கள்

நியூ ஜெர்சியின் லிவிங்ஸ்டனில் வளர்ந்த சீன வம்சாவளிச் சிறுவன் ரோஜர் சியெனுக்கு ஆஸ்துமா. வெளியே ஓடி விளையாட முடியாமல் வீட்டு நிலவறையில் வேதியியல் சோதனை செய்தான். நிறம் மாறும் கரைசல்கள்தான் அவனை ஈர்த்தன. 16 வயதில், 1968-இல், அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்டிங்ஹவுஸ் அறிவியல் போட்டியில் முதல் பரிசு வாங்கினான். ஹார்வர்டு முடித்து, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது சியெனுக்கு மூளை மேல் ஆசை. ஆனால் ஒரு நரம்புச் செல்லில் ஒரு மின்முனையைக் குத்தி ஒவ்வொன்றாகக் கேட்டறியும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால் மின்முனை போதாது, ஒளி வேண்டும் என்று நினைத்தார்.

கால்சியத்தைப் பிடிக்கும் ஒரு மூலக்கூறு அப்போதே கடைகளில் கிடைத்தது: இ.ஜி.டி.ஏ. மக்னீசியத்தை விட்டுக் கால்சியத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் அதில் இரண்டு குறைகள். அது ஒளிராது. உடலின் அமிலத்தன்மையில் அதன் நைட்ரஜன் அணுக்களை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்கின்றன. கால்சியம் வந்தால் முதலில் அவற்றை வெளியே தள்ள வேண்டும். அதனால் வேகம் குறைவு, செல்லின் அமிலத்தன்மை சற்று மாறினாலும் அளவு தப்பும்.

சியென் அந்த மூலக்கூறின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நைட்ரஜனுக்குப் பக்கத்தில் பென்சீன் வளையங்களைப் பொருத்தினார். வளையம் நைட்ரஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்ததால் ஹைட்ரஜன் அயனிகளின் பிடி தளர்ந்தது. அமிலத்தன்மை பற்றிய கவலை போயிற்று, வேகம் கூடியது, மக்னீசியத்தை ஒதுக்கும் திறன் அப்படியே இருந்தது. கால்சியம் உள்ளே உட்காரும்போது அந்த வளையங்களின் எலக்ட்ரான்கள் இடம் மாறுவதால் அவை விழுங்கும் ஒளியும் மாறியது. 1980-இல் வெளியான இந்த மூலக்கூறின் பெயர் பாப்டா. இன்றுவரை செயற்கைக் கால்சியம் உணரிகளில் பெரும்பாலானவற்றின் மையத்தில் இருப்பது இதுவே. காகிதத்தில் வரைந்து, காரணம் சொல்லி, பிறகு ஆய்வகத்தில் செய்து பார்த்த மூலக்கூறு இது. தற்செயலுக்கு இதில் பங்கே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வேதியியல் வகுப்புகளில் இதைக் கதையாகச் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டாவது தந்திரம் இதைவிட அழகு. பாப்டா நான்கு எதிர்மின்சுமைகளைச் சுமக்கிறது. கொழுப்பாலான செல்சவ்வு அதை உள்ளே விடாது. பென்சிலின் வகை மருந்துகள் குடலில் நன்றாக உறிஞ்சப்பட வேண்டும் என்பதற்காக மருந்து வேதியியலாளர்கள் அவற்றின் அமில முனைகளை ஒருவகை எஸ்டரால் மூடி அனுப்பும் வழக்கம் இருந்தது. சியென் அந்த உத்தியைக் கடன் வாங்கினார். மின்சுமைகள் நான்கையும் மூடிவிட்டால் மூலக்கூறு சவ்வை எளிதாகக் கடந்துவிடும். செல்லுக்குள் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அந்த மூடிகளைக் கத்தரித்துவிடும். மின்சுமை திரும்பி வந்ததும் உணரி வெளியேற முடியாது. வாய்க்காலில் வைக்கும் மீன்கூட்டில் புகுந்த கெண்டையின் நிலைதான். செல்களுக்கு மேல் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், ஊசி வேண்டாம். 1981-இல் இந்த முறை வெளிவந்தது. அடுத்த ஆண்டே டுல்லியோ போட்ஸான், டிம் ரிங்க் ஆகியோரோடு சேர்ந்து, யாராலும் ஊசி குத்த முடியாத சின்னஞ்சிறு வெள்ளணுக்களில் கால்சியத்தை அளந்து காட்டினார் சியென்.

அப்போது பயன்படுத்திய குயின்-2 என்ற உணரிக்கு ஒளி மங்கல். பார்க்கும்படி ஒளிர வேண்டுமென்றால் செல்லுக்குள் நிறையத் திணிக்க வேண்டும். நிறையத் திணித்தால் அதுவே கால்சியத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். 1985-இல் வந்த ஃபியூரா-2 இதைத் தீர்த்தது. குயின்-2-ஐ விட ஏறக்குறைய 30 மடங்கு பிரகாசம். அதைவிட முக்கியமானது அதன் இன்னொரு குணம். 340 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால் கால்சியம் கூடும்போது ஒளிர்வு கூடும். 380-ஆல் தூண்டினால் குறையும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிட்டால், செல்லில் எவ்வளவு சாயம் போனது, செல் தடிமனா மெலிதா, விளக்கு மங்கியதா என்ற கவலைகள் எல்லாம் அடிபட்டுப் போகும். கிடைப்பது வெறும் படம் அல்ல, கால்சியத்தின் உண்மையான அளவு.

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் உலகில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஃபியூரா-2 ஒளிர்ந்துகொண்டிருக்கும். நாற்பதாண்டு பழைய சாயம்தான், ஆனால் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதன் தம்பி ஃபுளுவோ-3-ஐ வைத்து 1993-இல் செங், லெடரர், கேனல் மூவரும் எலியின் இதயச் செல்லுக்குள் கால்சியம் பொறிப்பொறியாகத் தெறிப்பதைக் கண்டார்கள். ஒரு துடிப்பு என்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து தெறிப்பது. ரிங்கரின் தவளை இதயத்துக்குக் கிடைத்த பதில் அது, 110 ஆண்டுகளுக்குப் பிறகு.

கொழும்பிலிருந்து பெல்ஃபாஸ்ட் வரை

உணரி வடிவமைப்பை ஒரு பொதுவான இலக்கணமாக மாற்றியவர்களில் முதன்மையானவர் இலங்கையர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. பி. டி சில்வா. அவருடைய வடிவமைப்பில் மூன்று உறுப்புகள்: ஒளிரும் பகுதி ஒன்று, அயனியைப் பிடிக்கும் பகுதி ஒன்று, இரண்டையும் சற்றுத் தள்ளி நிறுத்தும் குட்டைச் சங்கிலி ஒன்று. பிடிக்கும் பகுதியில் உள்ள நைட்ரஜனிடம் பகிர்ந்துகொள்ளாத எலக்ட்ரான் இணை உண்டு. ஒளிரும் பகுதி ஒளியை விழுங்கியதும் அந்த இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவி வந்து ஆற்றலை வீணடித்துவிடும், ஒளி வராது. அயனி வந்து நைட்ரஜனைப் பற்றிக்கொண்டால் எலக்ட்ரான் தாவ முடியாது, ஒளி எழும். பிடிக்கும் பகுதியை மாற்றினால் சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று என்று செய்துகொண்டே போகலாம்.

1993-இல் டி சில்வாவும் குணரத்னவும் மெக்காயும் ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிகளை வைத்தார்கள். ஹைட்ரஜன் அயனியும் சோடியம் அயனியும் இரண்டும் இருந்தால் மட்டுமே அது ஒளிர்ந்தது. கணினியின் ‘அண்ட்’ வாயில் செய்யும் வேலையை ஒரு மூலக்கூறு செய்தது. அதே தத்துவத்தில் உருவான சோடியம், பொட்டாசியம், கால்சியம் உணரிகள் பின்னர் கையடக்க ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் போய், மருத்துவமனைகளிலும் ஆம்புலன்சுகளிலும் வேலை செய்கின்றன. ஆய்விதழில் பிறந்த ஒளிர் உணரிகளில் நோயாளியின் படுக்கை வரை போனவை குறைவு. இது அந்தக் குறைவானவற்றில் ஒன்று.

ஷிமோமுராவின் பச்சைப் புரதத்துக்கு வருவோம். அதன் மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். ஆய்வுக்கு நிதி தொடராததால், கையிலிருந்ததை மார்ட்டின் சால்ஃபிக்கும் சியெனுக்கும் கொடுத்துவிட்டார். 1994-இல் சால்ஃபி அந்த மரபணுவைப் பாக்டீரியாவிலும் புழுவிலும் பொருத்தி ஒளிரவைத்தார். சியென் அதன் அமினோ அமிலங்களை மாற்றி மேலும் பிரகாசமாக்கினார், நீலமும் மஞ்சளும் செய்தார், பவளத்திலிருந்து வந்த சிவப்புப் புரதங்களைத் திருத்திப் பழங்களின் பெயர்களைச் சூட்டினார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. அந்நாளில் பிராஷர் அலபாமாவில் கார் விற்பனை நிலையம் ஒன்றின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் சியெனின் ஆய்வகத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. ஆனாலும் நிதிக் குழுக்கள் மறந்துவிடக் கூடாத ஒரு பெயர் அது.

மரபணு கையில் இருந்தால் உணரியை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை, செல்லே தயாரித்துக்கொள்ளும். 1997-இல் மியாவாகியும் சியெனும் அப்படிப்பட்ட முதல் கால்சியம் உணரியைச் செய்தார்கள். 2001-இல் ஜப்பானில் நகாயி குழுவினர் பச்சைப் புரதத்தை வெட்டித் திருப்பி ஒட்டி, கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் புரதத்தோடு கோத்து ஜி-கேம்ப் உணரியை உருவாக்கினார்கள். கால்சியம் வந்ததும் கால்மோடுலின் சுருண்டு, பச்சைப் புரதத்தின் ஒளிரும் மையத்தை மூடிப் பாதுகாக்கிறது, ஒளி கூடுகிறது. எந்த வகை நரம்புச் செல்லில் வேண்டுமோ அதில் மட்டும் இதைப் பொருத்தலாம். அதே சுண்டெலியின் அதே செல்களை வாரக்கணக்கில் பார்க்கலாம்.

2013-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு மையத்தில் மிஷா ஆரன்ஸ் குழு, கண்ணாடிபோல் உடல் தெளிந்த வரிக்குதிரை மீன் குஞ்சின் மூளையை இந்த உணரியால் படம் பிடித்தது. அந்த மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்புச் செல்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனியாகத் தெரிந்தன, 1.3 நொடிக்கு ஒருமுறை முழு மூளையும் பதிவானது. மின்முனையால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு மாணவர் கேம்பிரிட்ஜில் கண்ட கனவு, ஒரு மீன் குஞ்சின் தலைக்குள் நனவானது. சியென் 2016 ஆகஸ்டில் காலமானார். இதைப் பார்க்கும் வரை இருந்தார் என்பதில் ஒரு நிறைவு.

டி.என்.ஏ.வைக் கொண்டு ஓர் உணரி

செல்லின் பொது வெளியை அளக்க இத்தனை கருவிகள் வந்தபின்னும், அதன் சிற்றறைகள் அடைபட்டே இருந்தன. லைசோசோம் என்ற அறையை எடுத்துக்கொள்ளலாம். செல்லின் கழிவுகள் செரிக்கப்படும் இடம், கடும் அமிலம். அங்கே குளோரைடு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று கேட்டால் வழக்கமான உணரிகள் தடுமாறும்; அமிலமே அவற்றின் ஒளியைக் கெடுத்துவிடும்.

இதற்கு யமுனா கிருஷ்ணன் கண்ட வழி எவரும் எதிர்பாராதது. கேரளத்தில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் இளநிலைப் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தவர் அவர். டி.என்.ஏ.வை மரபுச் செய்தியாகப் பார்க்காமல், விரும்பியபடி மடிக்கக்கூடிய கட்டுமானப் பொருளாகப் பார்த்தார். சைட்டோசின் நிறைந்த டி.என்.ஏ. இழை அமிலத்தில் மட்டும் தன்மேல் மடிந்துகொள்ளும். இரு முனைகளிலும் வெவ்வேறு நிறச் சாயங்களைப் பொருத்திவிட்டால், மடியும்போது முனைகள் நெருங்கி, ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்குப் பாய்ந்து நிறம் மாறும். 2009-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து அவருடைய குழு இந்த ‘ஐ-சுவிட்ச்’ உணரியை வெளியிட்டது. பழ ஈயின் செல் விழுங்கிய பொருள் படிப்படியாக அமிலமாவதை அது உள்ளிருந்தே காட்டியது. 2011-இல் உயிருள்ள புழுவுக்குள் அதே அளவீடு நடந்தது.

பிறகு குளோரைடுக்கு ஒரு டி.என்.ஏ. உணரி செய்தார்கள். அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின், 2017-இல் அந்தக் குழு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. லைசோசோம் சேமிப்பு நோய்கள் என்ற மரபுநோய்களின் மாதிரிகளில் லைசோசோமுக்குள் குளோரைடு குறைந்து கிடந்தது. அதுவரை அந்த நோய்களில் எல்லோரும் அமிலத்தன்மையைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். குளோரைடை அளக்கக் கருவி இல்லாததால் கேள்வியே எழவில்லை. 2019-இல் லைசோசோமின் கால்சியத்தையும் அமிலத்தன்மையையும் சேர்த்தே அளந்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றின் பிழையைத் திருத்தும் உணரியும் வந்தது.

கட்டுரைத் தொடக்கத்துத் துத்தநாகத்திலும் இப்படித்தான். 2015-இல் நார்த்வெஸ்டர்ன் குழு செல்லுக்குள்ளே செல்லும் ஒரு புதிய உணரியைச் செய்து, சுண்டெலி முட்டையின் விளிம்பில் சுமார் 8,000 பைகளில் துத்தநாகம் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டது. ஒவ்வொரு பையிலும் ஏறக்குறைய பத்து லட்சம் அயனிகள். கருவுறும்போது அவை வெளியே கொட்டுகின்றன. முட்டை அடுத்த கட்டத்துக்கு நகர அது தேவைப்படுகிறது. இந்த ஒளியின் பிரகாசத்தைக் கொண்டு நல்ல முட்டையைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்பது செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவர்களுக்கு முக்கியமான கேள்வி. வெளிச்சத்தில் உயிர் பிறக்கிறது என்ற தலைப்பைவிட இந்தக் கேள்வி எவ்வளவோ மதிப்புள்ளது.

உணரி பொய் சொல்லும்போது

இத்துறையில் கவலை தரும் பக்கமும் இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. வேதியியல் ஆய்விதழ்களில் புதிய ஒளிர் உணரிகள் வந்து குவிகின்றன. பல கட்டுரைகளின் நடை ஒரே மாதிரி. ஒரு சாயத்தைச் செய்வார்கள், பாதி கரிமக் கரைப்பான் கலந்த குப்பியில் ஓர் உலோக உப்பைச் சேர்த்தால் ஒளிர்கிறது என்பார்கள், ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா செல்களின் மேல் அதே உப்பைத் தாராளமாக ஊற்றி ஒரு வண்ணப் படம் எடுத்து முடித்துவிடுவார்கள். செல்லில் இயல்பாக இருக்கும் அளவைக் காட்டுமா, மற்ற அயனிகளின் நெரிசலில் நிற்குமா, பிடித்ததைத் திரும்ப விடுமா என்ற கேள்விகளுக்கு விடை இருக்காது. அத்தகைய உணரிகளை அடுத்தவர் எவரும் வாங்கிப் பயன்படுத்துவதில்லை. இந்திய ஆய்வகங்களும் இதற்கு விலக்கல்ல. முனைவர் பட்ட மாணவரின் மூன்று ஆண்டு உழைப்பு ஒரு வண்ணப் படத்தோடு முடிவது வருத்தமானது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் உயிரியலாளரிடம் முதல் மாதமே போய், உங்களுக்கு எதை அளக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த உழைப்பு எங்கோ போயிருக்கும்.

புகழ்பெற்ற உணரிகளும் தப்பவில்லை. செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் வேதிப்பொருள்களை அளக்கப் பல்லாயிரம் கட்டுரைகள் நம்பியது டி.சி.எஃப். வகைச் சாயத்தை. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதே இல்லை. நடுவில் இரும்போ நொதியோ வேண்டும். போதாததற்கு அந்தச் சாயமே அதே வகைப் பொருளை உண்டாக்கவும் செய்கிறது. 2022-இல் இத்துறை வல்லுநர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, அதை ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று சொன்னது. பாப்டா குடும்பத்துச் சாயங்கள் செல்சவ்வின் சோடியம்–பொட்டாசியம் பம்ப்பைத் தடுக்கின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஜி-கேம்ப் பொருத்திய சில சுண்டெலி வகைகளின் மூளையில் வலிப்பு போன்ற மின் அலைகள் எழுந்ததாக 2017-இல் தெரியவந்தது. பார்க்கப் போன கருவியே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிட்டது. எந்த உணரியையும் பயன்படுத்துகிறவர் அதைச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. நல்ல ஆய்வாளர்கள் ஒரே அளவீட்டை இரண்டு வெவ்வேறு உணரிகளால் செய்து சரிபார்ப்பது அதனால்தான்.

ஆழம் இன்னொரு தடை. கண்ணுக்குத் தெரியும் ஒளி திசுவுக்குள் கொஞ்ச தூரத்திலேயே சிதறிவிடுகிறது. சிவப்பும் அகச்சிவப்பும் கூடுதல் ஆழம் போகும், ஆனாலும் மனித மூளையின் நடுவில் இருக்கும் செல்லை எட்டாது. மீன் குஞ்சில் முடிந்தது மனிதரில் முடியாமல் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

உடலைத் திறந்து வைத்திருக்கும் அறுவை சிகிச்சையில் ஆழம் தடையில்லை. 2011-இல் டோக்கியோவின் யசுதேரு உரானோவும் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் ஹிசதாகா கொபயாஷியும் தெளிக்கக்கூடிய ஓர் உணரியைச் செய்தார்கள். சில புற்றுச் செல்களின் மேல் மிகுந்திருக்கும் ஒரு நொதி அதை வெட்டியதும் அது பச்சையாக ஒளிரும். சுண்டெலியின் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு புற்றுத் திட்டுகள் தெளித்த சில நிமிடங்களில் ஒளிர்ந்தன. சூலகப் புற்றுக்கான பாஃபோலாசியனைன் என்ற ஒளிர் மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி அளித்தது. அது புற்றுச் செல் விரும்பி எடுத்துக்கொள்ளும் ஃபோலேட்டை ஒட்டிப் போகிறது.

2024 ஏப்ரலில் அனுமதி பெற்ற பெகுலிசியனைன் இன்னும் ஒரு படி மேல், அது உண்மையிலேயே உணரி. மார்பகப் புற்று அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நரம்பில் செலுத்துகிறார்கள். புற்றுத் திசுவில் மிகுந்திருக்கும் புரதம் அறுக்கும் நொதிகள் அதை வெட்டினால்தான் அது ஒளிரும். மருத்துவர் கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழிக்குள் கருவியை வைத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார். 357 பெண்களிடம் நடந்த சோதனையில், வழக்கமான அறுவை முடிந்த பின்னும் 27 பேரிடம் மறைந்திருந்த புற்றுத் திசு இதனால் கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது. அதே சோதனையில் எஞ்சியிருந்த புற்றில் ஏறக்குறைய பாதி இடங்களை உணரி தவறவும் விட்டது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததால் அந்த எச்சரிக்கை மருந்தின் அட்டையில் கட்டம் கட்டி அச்சாகிறது. எடுத்த கட்டி வழக்கம்போல் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே அதை மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துக் கொடுக்கும் அறிக்கைக்காக அந்தப் பெண்கள் இன்றும் காத்திருக்க வேண்டும்.